புதுப்பிப்பு: கிராண்ட்ஆர்க் (GrandOrgue) மென்பொருளில் எதிரொலி குழம்பிய சிக்கல் தீர்ந்தது

நெதர்லாந்தின் ஸ்வோல்ல நகர ஷ்னிட்கர் ஆர்கன் ஒரு தேவாலயக் குழாய் இசைக்கருவி. அதன் சாம்பிள் தொகுப்பை (குழாய்களின் ஒலிப்பதிவுகளை), ஆர்கனைக் கணினியில் வாசிக்க உதவும் கிராண்ட்ஆர்க்கில் ஏற்றி வாசித்தால், வேகமான இடங்களில் எதிரொலி குழம்புகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பஃபரை (கணினி ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் அளவை) கூட்டிப் பார்த்ததில் மாற்றம் இல்லை. பலித்தது, ரிலீஸ் சாம்பிள்களை (விசையை விட்ட பிறகு ஒலிக்கும் எதிரொலியின் பதிவுகளை) பார்க்கச் சொன்ன நண்பரின் யோசனைதான். அமைப்புகளில் ஒரே ஒரு ரிலீஸை மட்டும் ஏற்றும்படி இருந்தது. எல்லாவற்றையும் ஏற்றும்படி மாற்றியதும் ஒவ்வொரு சுரமும் தெளிந்துவிட்டது. காரணம் இதுதான்: விசையைச் சட்டென்று தொட்டு எடுத்தால் தேவாலயம் முழுக்க ஒலி நிரம்ப நேரம் இருக்காது, எதிரொலியும் மெலிதாகவே வரும். அதனால்தான் நல்ல தொகுப்புகளில் ஒரே குழாயைக் குறுகிய நேரமும் நீண்ட நேரமும் வாசித்து, அதனதன் எதிரொலியைத் தனித்தனியே பதிகிறார்கள். என் கணினியில் குட்டிச் சுரத்துக்கும் நீண்ட சுரத்தின் முழக்கமே ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிர்பாராதது, நினைவகம். 1721-ல் முடிந்த அந்த ஆர்கனுக்கு 4 விசைப்பலகை, 64 ஸ்டாப் (குழாய் வரிசைகளை இயக்கும் இழுப்பான்கள்). எல்லா ரிலீஸும் சேர்ந்தால் ரேம் தாங்கவில்லை. ஒலித்தரம் குறையாமல் கோப்பின் அளவைக் குறைக்கும் இழப்பில்லாச் சுருக்கத்தைப் போட்டேன். இடம் மிஞ்சியது, ஆனால் நிறைய ஸ்டாப்களை இழுத்து வாசித்தபோது புராசஸர் திணறி, படபடவென்று சத்தம். அந்தச் சுருக்கத்தை நிறுத்திவிட்டு, சாம்பிள்களின் ஒலி நுணுக்கத்தை 24 பிட்டிலிருந்து 16 ஆக்கி இடத்தைக் குறைத்தேன். என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேஷ் (ஏற்றிய தொகுப்பைச் சேமித்து வைக்கும் கோப்பு) உருவாக்கி வைத்தால் அடுத்த முறை சீக்கிரம் திறக்கிறது.

இசையமைப்பாளர் பாக்கின் விரைவான பெடல் (காலால் வாசிக்கும் விசை) ஓட்டங்கள் இப்போது ஒவ்வொரு சுரமாகக் கேட்கின்றன. அவ்வளவு மகிழ்ச்சி!