பெல் சிஸ்டம் டிவி விளம்பரங்கள், 16 எம்.எம். பிலிம்: வினிகர் வாடை வருகிறது, என்ன செய்வது?

தண்டையார்பேட்டை ரீல்:
வணக்கம். பிலிமில் வந்த பழைய டிவி விளம்பரங்கள் சேர்க்கிறேன், அதிலும் டெலிபோன் விளம்பரம் என்றால் விடமாட்டேன். போன மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி வந்தது, எல்லாமே அந்த நாட்டு டெலிபோன் கம்பெனியான பெல் சிஸ்டத்தின் விளம்பரங்கள், சின்னச் சின்ன ரீல்கள். பிரின்சஸ் என்கிற அவர்களுடைய சின்ன போனில் ஒரு பெண் படுக்கையறையிலிருந்து பேசுகிற கறுப்பு வெள்ளை ரீல் ஒன்று, லென்ஸ் வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் டயலில் விளக்கு எரிவதுகூடத் தெரிகிறது, அவ்வளவு சுத்தமான பிரிண்ட். பிரச்சினை கலர் ரீல்களில்தான். பாதிக்கு மேல் ரோஸ் ஆகிவிட்டன, இரண்டில் மூடியைத் திறந்ததுமே வினிகர் வாடை மூக்கில் ஏறுகிறது. வீடு கடலுக்குப் பக்கம், எல்லாவற்றையும் ஒரே டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மற்ற ரீல்களுக்கும் பரவுமா? ஒரு தடவை புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்கலாமா? அப்புறம், டப்பாவில் வருஷம் எழுதவில்லை, எப்படிக் கண்டுபிடிப்பது?

பெரம்பூர் ஆபரேட்டர்:
தம்பி, முதல் வேலையாக அந்த இரண்டையும் வேறு அறைக்கு மாற்றுங்கள். அசிடேட் என்கிற பிளாஸ்டிக்கில் செய்த பிலிம் சிதையும்போது வெளியாகிற அமிலம்தான் அந்த வாடை, அந்த ஆவி பக்கத்து ரீலையும் கெடுக்கும், மூடிய டிரங்குப் பெட்டியில் இன்னும் வேகமாக. நம்ம பக்கத்துச் சூடும் ஈரமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். தொடங்கிவிட்டதை நிறுத்த முடியாது, குளிரில் வைத்தால் மெதுவாகும், அவ்வளவுதான். ஃபிரிஜ்ஜில் வைப்பதானால் ஈரம் புகாத பையில் போட்டு வையுங்கள், வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை விடுங்கள், இல்லாவிட்டால் பிலிம் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். நல்ல ரீல்களுக்குத் தகர டப்பா வேண்டாம், காற்றோட்டமுள்ள பிளாஸ்டிக் டப்பா போதும்.

புரொஜெக்டர் வேண்டவே வேண்டாம். சுருங்கின பிலிமின் ஓரத்து ஓட்டைகள் புரொஜெக்டர் பல்லில் சரியாக உட்காராது, கிழித்துக்கொண்டே போகும். ரோஸ் ஆனது சாயம் வெளுத்ததால், ஸ்கேன் செய்தால் கம்ப்யூட்டரில் ஓரளவு கலர் மீட்கலாம். வினிகர் ரீல்களை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள், நல்லது காத்திருக்கும்.

மிண்ட் கலெக்டர்:
வருஷத்துக்குப் பிலிம் ஓரத்தைப் பாருங்கள். கோடாக் பிலிமென்றால் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். 20 வருஷத்துக்கு ஒருமுறை அதே குறி திரும்ப வரும் என்பதால் படத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரின்சஸ் வந்தது 1959, அதற்கு முன்னால் போகாது. பட்டன் போன் தெரிந்தால் 1963 அல்லது அதற்குப் பிறகு, அதிலும் பட்டன்களை எண்ணுங்கள்: ஆரம்பத்தில் பத்துதான், நட்சத்திரமும் ஹாஷும் சேர்ந்து பன்னிரண்டு ஆனது 1968-ல். நீளமும் உதவும், 36 அடி என்றால் ஒரு நிமிட விளம்பரம், 18 அடி என்றால் அரை நிமிடம். 1984-ல் பெல் சிஸ்டம் தனித்தனிக் கம்பெனிகளாக உடைந்தது, அந்தப் பெயரோடு வருவதெல்லாம் அதற்கு முந்தியது.

காசிமேடு வாசகர்:
ஒரு சந்தேகம். பெல்லுக்குத்தான் போட்டியே இல்லையே, எதற்கு இவ்வளவு விளம்பரம்? நம்ம ஊர் டெலிபோன் விளம்பரம் இப்படிப் பிலிமில் கிடைக்குமா?

மிண்ட் கலெக்டர்:
அவர்கள் போனை விற்கவில்லை, மாத வாடகைக்கு விட்டார்கள். ஹாலில் ஒன்று இருக்கிற வீட்டுக்குப் படுக்கையறைக்கு இன்னொன்று, அப்புறம் வெளியூருக்கு அடிக்கடி பேசு, இதுதான் சரக்கு. பிரின்சஸ் விளம்பரத்தில் படுக்கையறை வருவது அதனால்தான். நமக்கோ கனெக்‌ஷனுக்கே வருஷக்கணக்கில் காத்திருந்த காலம், தூர்தர்ஷனில் விளம்பரமே 1976-ல்தான் ஆரம்பம். வரிசையில் நிற்கிறவனிடம் வாங்க வாங்க என்று கூவ வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அதனால் இங்கே யாரிடமாவது அப்படி ஒரு ரீல் இருந்தால் அது பொக்கிஷம், காயலான் கடைக்குப் போகவிடாதீர்கள்.

தண்டையார்பேட்டை ரீல்:
நன்றி அண்ணே, இரண்டையும் பிரித்து வைத்துவிட்டேன். பட்டன் போன் வருகிற ரீலில் பத்துதான் இருக்கிறது!

பெரம்பூர் ஆபரேட்டர்:
என்னிடம் கையால் சுற்றுகிற ரீவைண்டரும் லைட் டேபிளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வாருங்கள், ஸ்கேனுக்கு அனுப்புமுன் ஒட்டுகளைச் சரிபார்த்துவிடலாம்.