மாடி பாத்ரூம் கசிவு: கீழ் ரூம் சீலிங்ல உப்பு பூக்குது, தரை டைல்ஸ் பொந்து சத்தம் (வேலூர்)

சத்துவாச்சாரி_மாடிவீடு:
வணக்கம். மாடி பாத்ரூம் 5க்கு 7 அடி. கட்டி 12 வருஷம் ஆகுது. உள்ள சங்கன் ஸ்லாப் (தளத்தைக் கீழ இறக்கிப் போட்டு மேல ஜல்லி நிரப்பினது), செவுத்துக்குள்ள சிபிவிசி (வெந்நீர் தாங்குற பிளாஸ்டிக்) பைப், தரையில 1 அடி செராமிக் டைல்ஸ். கீழ் ரூம் சீலிங்ல ஒன்றரை அடிக்கு ஈரத் திட்டு, ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்து பெயிண்ட் உரியுது. மேல நானி ட்ராப்பை (தரைத் தண்ணி வெளிய போற பிவிசி கிண்ணம்) சுத்தி நாலு டைல்ஸ், கதவுகிட்ட ரெண்டு டைல்ஸ் தட்டினா பொந்து மாதிரி கேக்குது. போர் தண்ணிதான் ஓடுது. கறை போக மாசம் ஒரு தடவை ஆசிட் ஊத்திக் கழுவுறோம்.

பார்க்க வந்தவங்க எல்லாரும் மொத்தமா உடைச்சுப் போடணும்னு சொல்றாங்க. எங்க கசியுதுன்னு நாமே கண்டுபிடிச்சு, அந்த இடத்தை மட்டும் சரி பண்ண வழி இருக்கா? டிரில், 4 இஞ்ச் கிரைண்டர், உளி, சுத்தியல் வீட்ல இருக்கு.

காட்பாடி_பைப்லைன்:
உளியை இப்போ தொடாதீங்க சார். தண்ணி மூணு வழியில வரலாம்: செவுத்து பைப், டிரெயின் பைப், இல்லன்னா தரை. மூணையும் தனித்தனியா சோதிக்கணும்.

ரெண்டு நாள் பாத்ரூமைப் பூட்டிப் போட்டு சீலிங் காயுதான்னு பாருங்கன்னு நிறைய பேர் சொல்வாங்க. சங்கன் ஸ்லாப்ல அது ஏமாத்திடும். உள்ள நிரப்பின செங்கல் ஜல்லி தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். கசிவு நின்ன பிறகும் வாரக்கணக்குல கீழ சொட்டும்.

முதல்ல பைப். ஓவர்ஹெட் டேங்குல ராத்திரி கோடு போட்டு காலையில பார்க்குறது பெரிய கசிவுக்குத்தான் உதவும். 1000 லிட்டர் டேங்குல 1 செ.மீ. இறக்கம்னா சுமார் 8 லிட்டர். ராத்திரி பூரா சொட்டுச் சொட்டா போனாலும் ஒண்ணு ரெண்டு லிட்டர்தான் குறையும், அது கண்ணுக்கே தெரியாது. அதுவும் 3 மீட்டர் உயர டேங்க் குடுக்குற அழுத்தம் சதுர செ.மீ.க்கு வெறும் 0.3 கிலோ. மயிரிழை வெடிப்பு அந்த அழுத்தத்துல வேகமா ஒழுகாது. அதனால கையால அடிக்கிற டெஸ்ட் பம்பும் கேஜும் (அழுத்தம் காட்டுற மீட்டர்) ஒரு நாள் வாடகைக்கு எடுங்க.

மெயின் வால்வை மூடுங்க. கீசரோட எம்சிபியை (கரண்ட் பிரேக்கர் சுவிட்ச்) ஆஃப் பண்ணி, கீசரைக் கழட்டுங்க. கழட்டாம பம்ப் அடிச்சா அதோட சேஃப்டி வால்வு திறந்து முள் இறங்கும், பைப் ஒழுகுதுன்னு தப்பா நினைப்பீங்க. கீசர் இருந்த ரெண்டு முனையையும் ஒரு கனெக்‌ஷன் ஹோஸால இணைச்சா வெந்நீர் லைனும் சேர்ந்து டெஸ்ட் ஆயிடும். டேப், ஷவர் இடத்துல அரை இஞ்ச் பிளக் போடுங்க. லைன்ல தண்ணி நிரப்பி காத்தை முழுசா வெளியேத்திட்டு 6 கிலோ வரைக்கும் அடிங்க. ஒரு மணி நேரம் முள் அசையாம இருந்தா பைப் நல்லா இருக்கு. காத்து மிச்சம் இருந்தா கசிவே இல்லாம முள் இறங்கும், மறந்துடாதீங்க.

அடுத்தது டிரெயின். தரையில ஒரு சொட்டு படாம, ஹோஸை ட்ராப்புக்குள்ளயே விட்டு பத்து பக்கெட் தண்ணி ஊத்துங்க. மறுநாள் கீழ ஈரத் திட்டு பெருசாச்சான்னு பென்சில் கோடு வச்சுப் பாருங்க.

ஆற்காடு_கரணை:
தரைக்கு தண்ணி கட்டித்தான் பார்க்கணும். அதுலயும் ரெண்டு தடவை கட்டணும்.

முதல் தடவை ஜல்லடையை எடுத்துட்டு, பாலிதீன் சுத்தின துணியை ட்ராப் கழுத்துக்குள்ள, தரையும் ட்ராப்பும் சேருற இடத்துக்குக் கீழ வரைக்கும் இறுக்கிச் செருகுங்க. தரையோட மேடான பக்கத்துலயும் 1 இஞ்ச் நிக்கிற மாதிரி தண்ணி கட்டி, செவுத்துல கோடு போடுங்க. கதவை மூடி 24 மணி நேரம் விடுங்க. ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆவியாப் போனதுன்னு விட்டுடலாம்.

ரெண்டாவது தடவை துணியை எடுத்துடுங்க. ட்ராப்பைச் சுத்தி ஒரு ஜாண் தள்ளி களிமண்ணால வட்டமா வரப்பு கட்டி, வரப்புக்கு வெளிய மட்டும் தண்ணி நிறுத்துங்க. முதல் தடவை இறங்கி, ரெண்டாவது தடவை இறங்கலைன்னா ட்ராப் கழுத்துதான் குற்றவாளி. ரெண்டு தடவையும் இறங்கினா தரை முழுக்க ஜாயின்ட் போயிடுச்சுன்னு அர்த்தம்.

சத்துவாச்சாரி_மாடிவீடு:
எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். கேஜ் 6 கிலோவுல ஒரு மணி நேரம் அசையல. பத்து பக்கெட் ஊத்தியும் கீழ மாற்றம் இல்ல. தண்ணி கட்டினதுல முதல் தடவை 9 மில்லிமீட்டர் இறங்கிச்சு, வரப்பு கட்டினப்போ 2 மில்லிமீட்டர்தான். அப்போ ட்ராப் கழுத்துதானே? சுத்தி சிமெண்ட் பால் ஊத்தினா போதுமா?

ஆற்காடு_கரணை:
கழுத்துதான். சிமெண்ட் பால் நிக்காதுங்க. ட்ராப் பிவிசி, வழவழன்னு இருக்கும். சிமெண்ட் காயும்போது சுருங்கி அதைவிட்டு விலகிடும். இத்தனை வருஷம் தண்ணி இறங்கினது அந்த மயிரிழை சந்துலதான்.

சுத்தி இருக்குற நாலு பொந்து டைல்ஸையும் எடுங்க. முதல்ல கிரைண்டரால ஜாயின்ட்டை அறுத்து விடுங்க, அப்போதான் அதிர்வு பக்கத்து டைல்ஸுக்குப் போகாது. டைல்ஸ் நடுவுல உடைச்சு, நடுவுலேர்ந்து ஓரத்துக்கு உளியைச் சாய்ச்சு எடுங்க. பக்கத்து டைல்ஸ் மேல உளியை ஊன்றி நெம்பினா அதுவும் பேந்துடும். கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கங்க.

ட்ராப்பைச் சுத்தி 4 செ.மீ. அகலம், 5 செ.மீ. ஆழத்துக்கு பள்ளம் எடுங்க. சுத்தியலை மெதுவா போடுங்க, ட்ராப்ல விரிசல் விட்டா வேலை இரட்டிப்பாயிடும். இப்போ முக்கியமான இடம்: ட்ராப்போட வெளிப்பக்கத்தை உப்புத்தாளால நல்லா சொரசொரப்பாக்கி, பிவிசி சால்வென்ட் சிமெண்ட் தடவி, அது ஈரமா இருக்கும்போதே சலிச்ச காய்ஞ்ச மணலைத் தூவுங்க. ஒரு ராத்திரி காயட்டும். இப்போ ட்ராப் மேல மணல் தோல் மாதிரி ஒட்டியிருக்கும். கலவை அந்த மணலைப் பிடிக்கும்.

பள்ளத்துல தூசியைக் கழுவி, ஈரமாக்கி, தண்ணி தேங்காம ஒத்தி எடுத்துட்டு நான்-ஷ்ரிங்க் கிரவுட் (காயும்போது சுருங்காத சிமெண்ட் கலவை) போடுங்க. தண்ணி அளவு பையில போட்டிருக்குற மாதிரியே. இளக்கமா இருந்தா வேலை சுலபம்னு கூட ஊத்தினா அதுவும் சுருங்கும். மூணு நாள் ஈரத்துணி போட்டு வைங்க.

அது மேல ரெண்டு டப்பா கலக்குற அக்ரிலிக் சிமெண்ட் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங். திறந்த இடம் முழுக்க, ட்ராப் விளிம்பு வரைக்கும் முதல் கோட் அடிச்சு, ஈரத்துலயே ட்ராப்பைச் சுத்தி ஃபைபர் வலைத் துணியைப் பதிங்க. ஆறு மணி நேரம் கழிச்சு ரெண்டாவது கோட், குறுக்குவாட்டுல.

ஒரு எச்சரிக்கை. உள்ள ஜல்லி ஈரமா இருக்கும்போது கோட்டிங் அடிச்சா கொப்பளிச்சுடும். டைல்ஸ் எடுத்த இடத்தை ரெண்டு வாரமாவது திறந்து போடுங்க, அந்தப் பாத்ரூமைப் பயன்படுத்தாதீங்க. அப்புறம் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்க. காலையில அடியில முத்து முத்தா வேர்த்திருந்தா இன்னும் காயல.

கோட்டிங் காய்ஞ்சதும் வரப்பு இல்லாம மறுபடி 48 மணி நேரம் தண்ணி கட்டுங்க. இறங்கலைன்னா மட்டும் டைல்ஸ்.

காட்பாடி_பைப்லைன்:
கரணை சொன்ன மணல் தூவுற வேலையை விட்டுடாதீங்க, மொத்த ரிப்பேரும் அதுல நிக்குது. வேலூர் வெயிலுக்கு ஒண்ணு சேர்த்துக்கங்க: சித்திரை, வைகாசியில மத்தியானம் சால்வென்ட் தடவினா மணல் தூவுறதுக்குள்ள மேல தோல் கட்டிடும். காலையில வேலையை வச்சுக்கங்க. டப்பாவுல கெட்டியாயிட்ட சால்வென்ட்டை எதையும் ஊத்தி இளக்காதீங்க, தூக்கிப் போட்டுடுங்க.

சத்துவாச்சாரி_மாடிவீடு:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். டைல்ஸை மறுபடி சிமெண்ட்லயே ஒட்டலாமா? கதவுகிட்ட இருக்குற ரெண்டு பொந்தையும் எடுக்கணுமா?

ஆற்காடு_கரணை:
கதவுகிட்ட இருக்குறது ஆடலை, ஜாயின்ட் விரியலைன்னா விட்டுடுங்க. வரப்பு டெஸ்ட்ல அந்தப் பக்கம்தான் தண்ணி நின்னுச்சு, இறங்கல. பொந்து சத்தம் கேட்டாலே கசிவுன்னு அர்த்தம் இல்ல. போடும்போது அடியில கலவை முழுசா படாம விட்ட இடம் அது.

கோட்டிங் மேல சிமெண்ட் பால் பிடிக்காது, டைல் அட்ஹெசிவ்தான் வேணும். ஐ.எஸ். 15477 (டைல் பசைக்கான இந்தியத் தர எண்) டைப் 2 எழுதியிருக்குற 20 கிலோ பை ஒண்ணு வாங்கினா நாலு டைல்ஸுக்கு மிச்சமாகவே இருக்கும். கலக்கி அஞ்சு நிமிஷம் விட்டு மறுபடி கலக்குங்க. பல் கரணையால தரையில இழுத்து, டைல்ஸ் முதுகுலயும் மெல்லிசா ஒரு பூச்சு. விரலால தொட்டா ஒட்டணும். ஒட்டலைன்னா சுரண்டிட்டு புதுசு போடுங்க, தண்ணி தெளிச்சு உயிர் கொடுக்க முடியாது. ட்ராப் பக்கம் வாட்டம் 80க்கு 1, அதாவது 1 அடி டைல்ஸ்ல கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர் சரிவு. ரசமட்டத்தோட ஒரு முனைக்கு அடியில ஆக்சா பிளேடு மாதிரி ஏதாவது தகடுகளை அடுக்கி வச்சு அளந்துக்கலாம்.

ஜாயின்ட் 2 மில்லிமீட்டர் விட்டு, 24 மணி நேரம் கழிச்சு எபாக்சி கிரவுட் (ஜாயின்ட்ல நிரப்புற ரெசின் கலவை). நாலு டைல்ஸுக்கு மட்டும் இல்லாம தரை முழுக்க பழைய வெள்ளை சிமெண்டை 3 மில்லிமீட்டர் ஆழம் சுரண்டிட்டு எபாக்சியே போடுங்க. கொஞ்சம் கொஞ்சமா கலக்குங்க, வெயில் காலத்துல அரை மணி நேரத்துக்குள்ள இறுகிடும். டைல்ஸ் மேல பட்டதை உடனே ஈர ஸ்பாஞ்சால துடைங்க, காய்ஞ்சா போகாது.

ஆசிட்டை இன்னைக்கே நிறுத்துங்க. அது உப்புக் கறையோட சேர்த்து ஜாயின்ட் சிமெண்டையும் கரைக்குது. அந்த ட்ராப் கழுத்துல கலவை அரிச்சதுலயும் அதுக்குப் பங்கு இருக்கும், ஆசிட் எல்லாம் கடைசியா அங்கதான் போய்ச் சேருது. போர் தண்ணி உப்பு படியாம இருக்க, குளிச்சதும் ரப்பர் வைப்பரால தரையைத் தள்ளி விடுங்க.

சீலிங்குக்கு இப்போ பெயிண்ட் வேண்டாம். உப்பை காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க, ஈரத்துணியால துடைச்சா கரைஞ்சு மறுபடி உள்ள போகும். மேல வேலை முடிஞ்சு ஒரு மாசம் திட்டைப் பென்சில் கோடு வச்சுக் கவனிங்க. பூச்சு பொருமியிருந்தா அந்த இடத்தைத் தட்டிப் பாருங்க. உள்ள கம்பி துருப்பிடிச்சுத் தெரிஞ்சா அது வீட்ல செய்யுற வேலை இல்ல, இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டுங்க.