ஒரே வேகத்தில் இழுக்கும்போது விசை சுழி என்கிறாளே மகள், அப்புறம் என் தோள் ஏன் கடுக்கிறது?

சின்னமுட்டம் பெட்டிக்காரன்:
துறைமுகத்தில் மீன் பெட்டி இழுப்பது என் வேலை. மகள் பத்தாம் வகுப்பு. இயக்க விதிகள் படித்துக்கொண்டிருந்தவள், "ஒரே வேகத்தில் நேராக இழுத்தால் பெட்டி மேல் தொகுபயன் விசை சுழிப்பா" என்றாள். சுழி என்றால் ராத்திரி எனக்கு ஏன் தோள்வலி?

வாக்குவாதம் முற்றி, இன்று ஏலம் முடிந்ததும் கொக்கித் தராசைக் கயிற்றில் மாட்டியே பார்த்துவிட்டேன். சாளையும் ஐஸுமாகப் பெட்டி 40 கிலோ. சிமெண்டுத் தரை. அசைகிற வரை முள் 16 வரை ஏறியது. நகர்ந்ததும் 12-க்கு இறங்கி நின்றது. மெதுவாக நடந்தாலும் 12, எட்டி நடந்தாலும் 12. வேகம் கூடினால் விசையும் கூட வேண்டாமா?

தக்கலை வாத்தியார்:
மகள் சொன்னதும் சரி, உங்கள் தோளும் சரி. சுழி என்பது உங்கள் இழுப்பு அல்ல. அதில் உராய்வைக் கழித்த மிச்சம். முன்னே நீங்கள் 12 கிலோ எடையளவு, அதாவது சுமார் 118 நியூட்டன். பின்னே தரையும் அதே அளவு. நீங்கள் செலவழித்த ஆற்றல் பெட்டியின் அடியிலும் தரையிலும் சூடாகப் போகிறது.

வழுக்கும் பெட்டியின் உராய்வு, அது தரையை அழுத்துவதையும் இரண்டு பரப்புகளின் தன்மையையும் பொறுத்தது. வேகத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது. நடையைக் கூட்டுகிற அந்த நொடி மட்டும் முள் 12-ஐத் தாண்டியிருக்கும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

குளச்சல் வள்ளம்:
கடலில் அப்படி இல்லையே வாத்தியாரே! எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினால் வள்ளம் வேகம் பிடித்து, அப்புறம் ஒரே வேகத்தில் போகும். இன்னும் முடுக்கினால் வேறொரு வேகம்.

தக்கலை வாத்தியார்:
தண்ணீர் வேகத்தைப் பார்த்துத்தான் தடுக்கும். வேகம் ஏற ஏறத் தடையும் ஏறி, எஞ்சினின் தள்ளலுக்குச் சமமாகும்போது வேகம் அதற்கு மேல் ஏறாது. சிமெண்டில் அப்படி ஒரு வேகம் கிடையாது.

பெட்டிக்கார அண்ணே, ஒரு சந்தேகம். கயிறு சாய்வாக இருந்ததா? இருந்தால் அந்த 12-இல் கொஞ்சம் பெட்டியை மேலே தூக்கவும் போயிருக்கும்; அது தரையை அழுத்துவது குறைந்து, உராய்வும் குறைந்திருக்கும்.

சின்னமுட்டம் பெட்டிக்காரன்:
சாய்வுதான் சார், நிமிர்ந்து நடந்துதானே பழக்கம். இப்போது கயிற்றைத் தரையோடு பிடித்துக் குனிந்து இழுத்தேன்: பன்னிரண்டரை. முதுகு போய்விட்டது. அப்புறம் மகள் ஒரு வாளி தண்ணீரைத் தரையில் ஊற்றச் சொன்னாள்: 9. நாளையிலிருந்து முதலில் வாளி, பிறகுதான் கயிறு.