ஊற்றுத் தண்ணீர் கால்வாசி ஆகிவிட்டது. போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதா, வேறு வழி இருக்கிறதா?

தேயிலைக்காரி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். மொத்தம் 35 வீடு, 140 பேர் இருப்போம். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் ஒரே ஊற்றுதான். பாறை இடுக்கில் வரும் தண்ணீரை 3,000 லிட்டர் சிமெண்ட் தொட்டியில் பிடித்து, குழாயில் விடுகிறோம். அப்பா இலங்கையிலிருந்து வந்து இங்கே குடியேறிய நாளிலிருந்து இது வற்றி நாங்கள் பார்த்ததில்லை.

போன வருடம் பிப்ரவரியில் என் மகன் பள்ளிக்கூடக் கணக்குக்காக ஊற்று வாயில் 20 லிட்டர் பக்கெட் வைத்து போனில் நேரம் பார்த்தான். 40 விநாடியில் நிறைந்தது. இந்த பிப்ரவரியில் அதே பக்கெட்டை அதே இடத்தில் நான் வைத்தேன். இரண்டரை நிமிடம் ஆனது. தப்பாக இருக்குமோ என்று மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அதே இரண்டரை நிமிடம்தான்.

காலையில் ஐந்து மணிக்கே குடம் வரிசை கட்டிவிடுகிறது. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் வேலைக்குப் போக வேண்டும், பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எட்டு மணிக்குத் தொட்டி காலி. போன வாரம் அடுத்த வீட்டுப் பாட்டி இருட்டில் குடத்தோடு படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்துவிட்டது.

ஊற்றுக்கு மேலே மேடு முழுக்கக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்). அதற்கும் ஊற்றுக்கும் நடுவில் ஒரு சதுப்பு இருந்தது. கோரை மண்டிக் கிடக்கும், கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். மூன்று வருடத்துக்கு முன் நிலத்துக்காரர் நடுவில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டு கேரட் போட்டார்.

இப்போது வீட்டுக்கு 6,000 ரூபாய் போட்டு போர் இறக்கலாம் என்று ஊரில் பேசுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குந்தா_மலை எழுதியது:

தங்கச்சி, பணத்தைக் கொடுக்காதீர்கள். எங்கள் ஊரில் இதே கதை நடந்தது. முதல் போர் 400 அடி போயும் வெறும் பாறைத் தூள்தான். இரண்டாவதில் தண்ணீர் வந்தது, எல்லாரும் பொங்கல் வைத்தோம். அடுத்த கோடையில் கீழே பள்ளத்தில் இருந்த ஊற்று நின்றுபோனது. அதை நம்பி இருந்த பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் எங்களோடு பேசுவதில்லை.

நம் மலையில் அடியில் இருப்பது சார்னகைட் என்கிற கடினமான பாறை. அதன் மேலே இருக்கும் மண்ணிலும் பாறை வெடிப்பிலும் தங்குகிற மழைத் தண்ணீர்தான் ஊற்றாக வருகிறது. பக்கத்திலேயே துளை போட்டால் அதே தண்ணீரை இன்னொரு வாயால் குடிக்கிறோம், அவ்வளவுதான். அனுமதி இல்லாமல் மலையில் போர் போடவும் கூடாது.

மண்வெட்டி எழுதியது:

நான் நீர்ப்பிடிப்பு வேலைகளில் பல வருடம் கூலியாகவும் மேற்பார்வையாளராகவும் இருந்தவன். உங்கள் ஊரைப் பார்க்காமல் சொல்கிறேன், எனக்கு முதல் சந்தேகம் அந்தச் சதுப்பு மேல்தான். அது மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வாய்க்கால் வெட்டினால் அந்தத் தண்ணீர் மழைக்காலத்திலேயே ஓடிப்போகும்.

கற்பூர மரத்துக்கும் பங்கு உண்டு. ஊட்டியில் இருக்கிற மத்திய மண்வள, நீர்வள ஆராய்ச்சி மையம் நீலகிரியிலேயே கிளன்மார்கன் என்ற இடத்தில் பக்கத்துப் பக்கத்து இரண்டு நீர்ப்பிடிப்புகளை (மழைத் தண்ணீர் ஓர் ஓடைக்கு வந்து சேரும் சரிவுகளை) எடுத்து, ஒன்றைப் புல்வெளியாக விட்டு மற்றதில் கற்பூர மரம் நட்டு, வருடக் கணக்கில் அளந்தது. முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட பக்கம் ஓடையில் வந்த தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம். அதற்காக உடனே கோடாலியைத் தூக்காதீர்கள். 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, வனத்துறையில் கேட்க வேண்டும். சரிவில் மொத்தமாக வெட்டினால் வேர் மக்கி மண் சரியும். சீகை விதை வேறு வெயில் பட்டதும் கீரைப் பாத்தி மாதிரி முளைக்கும்.

இன்னொன்று. யாராவது வந்து சரிவு முழுக்கக் குழி வெட்டுங்கள், தண்ணீர் இறங்கும் என்பார்கள். சமவெளியில் சரி, இங்கே பயந்துதான் செய்ய வேண்டும். 2009 நவம்பரில் ஊட்டிக்குப் பக்கத்துக் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அந்த மண்சரிவுகளைப் பார்த்தவன் நான். வீட்டுக்கு மேலே இருக்கிற செங்குத்துச் சரிவில் தண்ணீரைத் தேக்கவே தேக்காதீர்கள். சதுப்பைத் திரும்பச் சதுப்பாக்குவதுதான் பத்திரமான வழி.

கணக்கு_வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் மகன் பெரிய வேலை செய்திருக்கிறான். ஆனால் இரண்டு அளவை வைத்து முடிவு கட்ட முடியாது. கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் அதிகம் நம்பியிருக்கிறது. அது பொய்த்தாலும் பிப்ரவரியில் இப்படித்தான் காட்டும். மாதம் ஒரு தடவை அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டரை நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் மணிக்கு 480, ஒரு நாளைக்கு 11,520 லிட்டர். வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிற மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு நாளைக்கு ஆளுக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். 140 பேருக்கு 7,700. இவ்வளவு குறைந்த பிறகும் உங்கள் ஊற்று ஊருக்குப் போதுமான தண்ணீரைத் தருகிறதே! அது எங்கே போகிறது? ராத்திரியில் தொட்டியைப் போய்ப் பாருங்கள்.

தேயிலைக்காரி எழுதியது:

சார், பார்த்தேன். நேற்று இரவு எட்டு மணிக்குத் தொட்டி தரை தெரியக் காலி. நானும் வீட்டுக்காரரும் மூன்று மணிக்கு டார்ச்சோடு இறங்கினோம். வழியில் காட்டெருமை இரண்டு நின்றன, அவை போகும்வரை அரை மணி நேரம் பாட்டி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். போய்ப் பார்த்தால் தொட்டி நிறைந்து, விளிம்பில் சத்தமே இல்லாமல் வழிந்து பள்ளத்து ஓடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் குடத்தோடு சண்டை போடப் போகிறோம், இங்கே தண்ணீர் தானாக வழிகிறது.

நிலத்துக்காரரிடமும் பேசினேன். அவரும் கடன் வாங்கித்தான் கேரட் போட்டிருக்கிறார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தப் போகம் எடுத்ததும் வாய்க்காலின் கீழ்முனையைக் கல்லும் மண்ணும் போட்டு மூடி, ஊற்றை ஒட்டின கீழ்ப் பாத்திகளை மட்டும் சும்மா விட்டுப் பார்க்கிறேன் என்றார். விளைச்சல் நட்டத்துக்கு ஊர்ப் பணத்தில் ஏதாவது தர வேண்டும் என்று கேட்டார். அது நியாயம்தானே?

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். குந்தா அண்ணன் எழுதியதை அங்கே அப்படியே படிக்கப் போகிறேன். சார், இன்னொரு தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும்?

கணக்கு_வாத்தியார் எழுதியது:

இரவு எட்டிலிருந்து காலை ஐந்து வரை 4,320 லிட்டர் வருகிறது. 3,000 போக 1,320 வழிகிறது. பகலில் எட்டிலிருந்து நாலு வரை எல்லாரும் வேலையில் இருக்கும்போது 3,840 வருகிறது, அதில் 840 வழிகிறது. இன்றைய வரத்துக்கு 2,000 லிட்டர் தொட்டி போதும், ஆனால் சதுப்பு திரும்பினால் வரத்து கூடும், 5,000 ஆகவே போடுங்கள். மேல்வீடுகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தாலும் ஊற்றுக்குக் கீழேதான் வைக்க வேண்டும், அப்போதுதான் மோட்டார் இல்லாமல் தண்ணீர் தானாக இறங்கும். குரங்கு திறக்க முடியாத மூடியாக வாங்குங்கள். அப்புறம், பாட்டி விழுந்த அந்தப் படிக்கு ஒரு கைப்பிடிக் கம்பியும் அதே பணத்தில் போட்டுவிடுங்கள்.