தங்கவயல் லைன் வீடுகளுக்கு 20 வருடத் திட்டம்: எதில் தொடங்குவது?

மாரிக்குப்பத்தான்:
கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீடுகளான எங்கள் லைனில் இப்போது பாதி வீட்டில் பூட்டு தொங்குகிறது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடியதிலிருந்து வேலைக்குப் போகிற வயசுக்காரர்கள் விடியற்காலை ரயில் பிடித்து பெங்களூர் போய், தூங்க மட்டும் ஊருக்கு வருகிறார்கள். இந்த இடம் 20 வருடத்தில் எப்படி இருக்கணும் என்று நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து எழுதி நகரசபையில் கொடுக்கப் போகிறோம். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சுரங்கம், அதை வைத்து மியூசியம், ஹோம்ஸ்டே என்று பேச்சு ஓடுகிறது. சரிப்படுமா?

பழைய_ஷிப்டு:
தம்பி, ஹோம்ஸ்டே எங்கே, பத்துக்குப் பத்து அறையிலா? என் அப்பா 31 வருடம் கீழே இறங்கினவர், இன்றுவரை வீட்டுக்குப் பத்திரம் கைக்கு வரவில்லை. போன மழையில் பின்சுவர் சரிந்து தார்ப்பாய் கட்டியிருக்கிறோம். கடன் கேட்டுப் போனால் முதல் கேள்வியே பத்திரம்தான். முதல் பக்கத்தில் அதை எழுதுங்கள்.

மேட்டுத்தெரு:
அண்ணன் சொல்வது சரி, அடுத்தது சயனைடு மேடு, அதாவது தங்கம் பிரித்த பிறகு கொட்டிவைத்த சக்கை மண் குவியல். ஆடிக் காற்றில் கொடித் துணியை உதறினால் சாம்பல் நிறத் தூள் பறக்கும், குழந்தைக்கு இருமல் நிற்காது. மேட்டில் மரம் நடுவோம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 13 மேட்டையும் மறுபடி தோண்டித் தங்கம் எடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தாச்சு, நட்ட கன்றை நாளைக்கே பிடுங்குவார்கள். எந்த மேடு முதலில், மிச்சச் சக்கை எங்கே போகும், தூசிக்குத் தண்ணீர் யார் தெளிப்பது, உள்ளூர் ஆட்களுக்கு எத்தனை வேலை, இதைக் கேட்டு எழுதி வாங்குங்கள். சக்கை போன காலி இடத்தில்தான் உங்கள் 20 வருடம் இருக்கிறது.

பழைய_ஷிப்டு:
தண்ணீரா! குடிக்கவே டேங்கர் வருகிற நாளில்.

ஊர்சுற்றி:
இன்னொன்று. இங்கிலாந்தில் டர்ஹாம் கவுண்டி 1951இல் நிலக்கரி ஊர்களைத் தரம் பிரித்தது. 'டி' பிரிவில் விழுந்த ஊருக்குப் புது வீடும் கிடையாது, புதுச் செலவும் கிடையாது, தானாகக் காலியாகட்டும் என்று விட்டார்கள். ஊர்க்காரர்கள் விடாமல் சண்டை போட்டும் 1977இல்தான் அதைக் கைவிட்டார்கள். காலி வீட்டை மட்டும் எண்ணிக் கொடுத்தால் 'ஆளே இல்லாத ஊர்' என்று உங்களையும் ஓரம் கட்டுவார்கள். குடியிருப்பவர்களை எண்ணுங்கள்.

மாரிக்குப்பத்தான்:
சரி, மியூசியம் கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும். ஞாயிறு காலை வீடு வீடாகப் போகிறோம், ரயிலேறுகிறவர்கள் அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார்கள். பூட்டிய வீட்டுக்காரர்கள் போன் நம்பர் யாரிடமாவது இருந்தால் தனியாக அனுப்புங்கள்.