'டே வாட்ச்' கடைசிக் காட்சி: சுவரில் எழுதியது 'இல்லை'யா, 'மாட்டேன்'னா?

பழைய டிவிடி: 'டே வாட்ச்' என்ற ரஷ்ய மாயாஜாலப் படத்தைப் பற்றிப் பக்கத்து இழையில் ஒரு நண்பர், "ஹீரோ சுவரில் 'இல்லை' என்று எழுதியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது, சோம்பேறி முடிவு" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். பதில் போடலாமென்றால் இழையைப் பூட்டிவிட்டார்கள். கதை முழுக்க உடைக்கப்போகிறேன், படம் பார்க்காதவர்கள் இப்போதே ஓடிவிடுங்கள்.

முதல் பாகம் 2004இல் வந்த 'நைட் வாட்ச்'. அதில் ஹீரோ அந்தோனின் கதை எங்கே தொடங்குகிறது? 1992, மாஸ்கோ. மனைவி விட்டுப்போன அந்தோன் ஒரு சூனியக்காரக் கிழவியிடம் போகிறான். மனைவியின் வயிற்றுப்பிள்ளை கலைய வேண்டும், அந்தப் பாவத்தை உன் தலையில் ஏற்றுக்கொள்ளச் சம்மதமா என்கிறாள். இவன் சரி என்கிறான். அது அவன் பிள்ளை என்பதுகூட அப்போது தெரியாது. இரண்டு படத்து வினையும் அந்தச் 'சரி'தான். இரண்டாம் பாகமான 'டே வாட்ச்'சில், விதியை மாற்றும் சாக்பீஸால், இடிந்துகிடக்கும் அதே கிழவி வீட்டுச் சுவரில் மூன்று ரஷ்ய எழுத்து எழுதுகிறான்: 'நியெத்'. அது 'இல்லை' அல்ல, 'மாட்டேன்'. 'இல்லை' என்று படித்தால் சோம்பேறித்தனமாகத்தான் தெரியும்.

கத்துக்குட்டி77: அந்த நண்பர் நான்தான். பெயர் சொல்லியே திட்டலாம், கோபப்பட மாட்டேன். 'நியெத்' என்றால் 'இல்லை'. மாட்டேன் என்று எழுத நினைத்திருந்தால் 'நி புது' என்று எழுதியிருப்பான். ஒரு வருடம் ரஷ்யன் வகுப்புக்குப் போனவன் சொல்கிறேன்.

பழைய டிவிடி: ஒரு வருடமா! கும்பிட்டுக்கொள்கிறேன். ரஷ்யனிடம் டீ குடிக்கிறாயா என்று கேளுங்கள், 'நியெத்' என்பான். தமிழில் அங்கே 'இல்லை' என்பீர்களா?

கத்துக்குட்டி77: 'வேண்டாம்' என்பேன். அப்படியானாலும் உங்கள் 'மாட்டேன்' எங்கே போனது சார்?

மூன்றாவது வரிசை: சாக்பீஸை விடுங்கப்பா. வில்லன் கூட்டத்து ஆலிசா சிவப்பு மஸ்டா காரை மாஸ்கோ கோஸ்மோஸ் ஹோட்டல் சுவர்மேல் ஓட்டுவாளே, ஜன்னலை உடைத்துக்கொண்டு கார் உள்ளே வராந்தாவில் வந்து விழுமே, அதை எத்தனை தடவை பின்னால் தள்ளிப் பார்த்தேன் தெரியுமா? வளைந்த கட்டடம் என்பதால் கண்ணுக்கு உறுத்தவே இல்லை.

பழைய டிவிடி: கார் சுவரில் ஓடினால் ஒத்துக்கொள்வீர்கள், சுவரில் மூன்று எழுத்து எழுதினால் மட்டும் லாஜிக் கேட்பீர்கள்.

மூன்றாவது வரிசை: நான் எங்கே லாஜிக் கேட்டேன்???

பனிப்பூ: மூலக்கதை எழுதிய லுக்யானென்கோவைப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 'டே வாட்ச்' என்று அவருக்குத் தனி நாவலே உண்டு. படத்தின் கதை பெரும்பாலும் அதிலிருந்து வரவில்லை. அந்தோனும் அவன் கூட்டாளி ஓல்காவும் உடம்பு மாறுவது, சாக்பீஸ் எல்லாம் 'நைட் வாட்ச்' நாவலின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளில் வருபவை. தலைப்பே தப்பு. இதில் ஒரு சொல்லுக்கு இத்தனை சண்டை.

பழைய டிவிடி: புத்தகம் படித்தவர்கள் வந்துவிட்டார்கள். போன மாதம் கொரியப் பட இழையிலும் அம்மணி இதையேதான் செய்தார்கள். நாம் பேசுவது படம். படத்தில் கிழவி கேட்பது 'செய்வாயா?' என்பதுதான். செய்வாயா என்றால் பதில் மாட்டேன்.

பனிப்பூ: கொரியப் பட இழையில் நான் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கடைசியில் நீங்கள்தான் காணாமல் போனீர்கள்.

கத்துக்குட்டி77: அவர் மேலே எழுதியதையே படியுங்கள். "சம்மதமா என்கிறாள்". சம்மதமா? இல்லை. முடிந்தது.

ஒத்தைத்திரை: எனக்குத் தொடக்கம்தான் உறுத்தல். தைமூர், படை, குதிரை, பிரம்மாண்டம். இயக்குநர் பெக்மாம்பெத்தோவ் 90களில் ஒரு வங்கிக்கு எடுத்த விளம்பரங்களிலேயே தைமூர் வந்துவிட்டார். விளம்பரக்காரர் விளம்பரம் மாதிரியே எடுத்திருக்கிறார். ஒவ்வொரு காட்சியும் அழகு, சேர்த்துப் பார்த்தால் தலைவலி. ஆனால் அந்தோனாக வரும் கபென்ஸ்கி, அந்தோன் உடம்புக்குள் இருக்கும் ஓல்காவாக நடித்த இடங்கள் தங்கம்.

பழைய டிவிடி: தைமூரைத் தொடக்கத்தில் காட்டியதே சாக்பீஸை முதலிலேயே சொல்லிவிடத்தான். அப்புறம் எப்படி சோம்பேறி முடிவு? அன்று கலையாமல் பிறந்த அந்தப் பையன் கையிலிருந்த யோ-யோ பந்து மாஸ்கோவையே இடிக்கிறது, ஒஸ்தான்கினோ டிவி கோபுரம் சரிகிறது. அத்தனைக்கும் நடுவில் இவன் அந்தச் சுவரைத் தேடிப் போகிறான். 'இல்லை' என்று எழுதவா போனான்? மறுக்கப் போனான். மாட்டேன். மாட்டேன். மாட்டேன்.

கத்துக்குட்டி77: மூன்று தடவை எழுதினால் மூன்று எழுத்து ஆகிவிடாது.

மூன்றாவது வரிசை: இங்கிலீஷ்காரனுக்கு 'நோ' ஒன்றே போதும். நமக்குத்தான் இத்தனை பாடு. சரி, மூன்றாம் பாகம் வந்ததா?

பனிப்பூ: வரவில்லை. இயக்குநர் ஹாலிவுட் போய்விட்டார்.

பழைய டிவிடி: பேச்சை மாற்றாதீர்கள். கத்துக்குட்டி, கடன் கேட்டு வருபவன் 'தருவாயா?' என்றால் என்ன சொல்வீர்கள்?

கத்துக்குட்டி77: உங்களிடம் என்றால், 'இல்லை'.