திறந்தவெளி மேடையில் பேஸ் கிட்டாரில் ஓயாத ரீங்காரம்: எங்கே தேடுவது?

நான்குதந்தி (கேள்வி)

வணக்கம். நாங்கள் சென்னையில் சொந்தப் பாடல்களை வாசிக்கும் ஒரு ராக் குழு. அடுத்த மாதம் கடற்கரையை ஒட்டிய திறந்தவெளி விழாவில் மேடையேறுகிறோம். சென்ற விழாவில் வந்த தொல்லை அங்கும் தொடரக் கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

என்னுடையது ஜாஸ் பேஸ் வகைக் கிட்டார்; பேட்டரி இல்லாத பாஸிவ் வகை. அதிலிருந்து கேபிள் டியூனர் (சுருதி சேர்க்க), கம்ப்ரெஸர் (ஒலி அளவைச் சீராக்க) என்ற, காலால் இயக்கும் இரண்டு பெடல்கள் வழியாக மேடை ஆம்புக்கு (ஆம்ப்ளிஃபையர்) செல்கிறது. ஆம்பின் பின்புறத்தில் உள்ள டிஐ வெளியீட்டிலிருந்து (கருவியின் ஒலியை நேரடியாக மிக்ஸருக்கு அனுப்பும் இணைப்பு), எல்லா ஒலிகளையும் கலக்கும் மிக்ஸருக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒத்திகை அறையில் சத்தமே காட்டாத இந்த அமைப்பு, மேடையில் ஒவ்வொரு பாட்டின் இடைவெளியிலும் ரீங்கரித்தது. தந்திகளின் அதிர்வை மின்சைகையாக்கும் இரண்டு பிக்கப்புகளில், பிரிட்ஜ் (தந்திகளின் அடிமுனை) பக்கத்துப் பிக்கப்பின் வால்யூமைக் குறைத்தால் அது கூடுகிறது. நான் நிற்கும் திசையை மாற்றினால் கூடிக் குறைகிறது. ஆனால் இரண்டு வால்யூமையும் முழுவதுமாக மூடினாலும் அடியில் ஒரு முனகல் மிஞ்சுகிறது. இருட்டியபின் விளக்குகளை ஏற்றி இறக்கத் தொடங்கியதும் கரகரப்பு ஒன்றும் சேர்ந்துகொண்டது.

மேடையில் இருந்த உதவியாளர், ஆம்ப் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்றார். நான் சம்மதிக்கவில்லை. அது சரியான வழிதானா? மேலும், நடுவில் நின்ற நண்பர்கள் பேஸ் காதை அடைத்தது என்கிறார்கள். சற்றுத் தள்ளி நின்றவர்கள் பாதி சுரங்கள் கேட்கவே இல்லை என்கிறார்கள். இதற்கும் என் கருவிக்கும் தொடர்பு உண்டா?

ஒலிமேசை (பதில்)

முதலில் எர்த் பின். அதை எக்காரணம் கொண்டும் கழற்ற வேண்டாம். உங்கள் தந்திகள் கேபிளின் உறை வழியாக ஆம்பின் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கின்றன. ஆம்புக்குள் மின்கசிவு ஏற்பட்டால், எர்த் இல்லாத நிலையில் அது போகக்கூடிய வழி உங்கள் உடல்தான். 1972ஆம் ஆண்டு மே மாதம் வேல்ஸின் ஸ்வான்ஸீ நகரில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மேடையிலேயே மின்சாரம் பாய்ந்து இறந்தார். எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டதுதான் காரணம். அரை நூற்றாண்டு கடந்தும் இந்த யோசனையைக் கூசாமல் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது.

உங்கள் விவரணையில் ஒன்றல்ல, மூன்று சத்தங்கள் கலந்திருக்கின்றன. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக்கொள்ளாமல் எதையும் மாற்றாதீர்கள். வால்யூம் இரண்டையும் மூடியபின் பிக்கப்புகள் இரண்டும் எர்த்தோடு ஒட்டிவிடுகின்றன. அதன்பிறகும் மிஞ்சும் முனகல் பிக்கப்பில் பிறந்ததன்று. உங்கள் ஆம்ப் மேடைப் பக்கத்து மின் இணைப்பிலும் மிக்ஸர் கூட்டத்துக்கு நடுவே வேறோர் இணைப்பிலும் இருந்திருக்கும். இரண்டுக்கும் தனித்தனி எர்த் இருக்க, மிக்ஸருக்குப் போகும் கேபிளின் உறை அவ்விரண்டையும் வளையமாகப் பூட்டிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டமே முனகலாக ஒலிக்கிறது. டிஐ வெளியீட்டுக்குப் பக்கத்தில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் ஒலிக் கேபிளின் உறை மட்டும் விடுபடும். மின்சார எர்த் இருந்த இடத்திலேயே இருக்கும். அதிலும் அடங்காவிட்டால், உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பாஸிவ் டிஐ பெட்டி ஒன்றை ஆம்புக்கு முன்னால் போடுங்கள்.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவுக்கு உங்கள் கிட்டாரே சொல்லிவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு). மிகத் தடித்த ஈ தந்தியின் மூன்றாம் கட்டையில் வரும் ஜி சுரம் 49 ஹெர்ட்ஸ். திறந்த ஜி தந்தி 98 ஹெர்ட்ஸ். ரீங்காரம் கீழ் ஜி சுரத்தைவிட மயிரிழை ஏறியிருந்தால் எர்த் வளையத்தையோ பிக்கப் வாங்கும் காந்தப்புலத்தையோ சந்தேகியுங்கள். திறந்த ஜி தந்தியை ஒட்டிக் கரகரவென்று வந்தால் விளக்குகளை ஏற்றி இறக்கும் டிம்மர்களையும் பெடல்களின் அடாப்டரையும் பாருங்கள்.

நான்குதந்தி (மறுமொழி)

மிக்க நன்றி, ஐயா. இடையில் ஒரு கல்லூரி அரங்கில் வாசிக்க வாய்ப்புக் கிடைத்ததால், சவுண்ட் செக்கின்போது நீங்கள் சொன்ன வரிசையிலேயே பார்த்தேன். கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்திய நொடியில் முனகல் நின்றுவிட்டது. பெடல்கள் இரண்டும் ஒரே மலிவு அடாப்டரில் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றை ஒன்பது வோல்ட் பேட்டரிக்கு மாற்றியபின், விளக்குகளை ஏற்றி இறக்கியபோதும் கரகரப்பு பெருமளவு குறைந்தது. பிக்கப் ஒன்றைக் குறைக்கும்போது வரும் ரீங்காரம் மட்டும் அப்படியே இருக்கிறது. கிட்டாரின் உட்குழிவில் செப்புத் தாள் ஒட்டினால் போய்விடும் என்று கடையில் சொல்கிறார்கள்.

ஈயப்பற்று (பதில்)

கிட்டார் பழுதுபார்க்கும் வேலை என்னுடையது என்பதால் இந்தப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன். செப்புத் தாளுக்குப் பணம் கொடுக்குமுன் யோசியுங்கள். டிம்மரிலிருந்து வரும் கரகரப்பை அது தடுக்கும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்திலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் செப்புத் தாளைச் சட்டை செய்யாமல் உள்ளே புகுந்துவிடும்.

ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்புகளும் எதிரெதிர்த் திசையில் சுற்றப்பட்டவை; காந்த முனைகளும் மாற்றி வைக்கப்பட்டவை. இரண்டையும் சம அளவில் திறந்தால் தந்தியின் ஒலி கூடும், ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் குறைத்ததும் மற்றது தனியாளாகிவிடுவதால்தான் உங்களுக்கு ரீங்காரம் கேட்கிறது. கருவியில் கோளாறு எதுவும் இல்லை. விழா மேடையில் இரண்டையும் முழுவதும் திறந்துவைத்து, ஒலியின் நிறத்தைக் கை வைக்கும் இடத்தால் மாற்றுங்கள். ஒற்றைப் பிக்கப் ஒலிதான் வேண்டுமென்றால், அதே உறைக்குள் இரண்டு சுருள்கள் கொண்ட, ரீங்காரம் அடக்கும் பிக்கப்புகள் கிடைக்கின்றன. எல்இடி திரையிலிருந்தும் ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் எவ்வளவு விலகி நிற்க முடியுமோ அவ்வளவு விலகி நில்லுங்கள்.

ஒலிமேசை (பதில்)

நடுவில் அதிகம், பக்கத்தில் இல்லை என்ற புகாருக்கு உங்கள் கருவி காரணமன்று. மேடையின் இடமும் வலமும் சப் வூஃபர்களை (அடிச்சுரங்களுக்கான பெரிய ஒலிபெருக்கிகள்) அடுக்கினால், நடுக்கோட்டில் நிற்பவருக்கு இரண்டின் ஒலியும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்து பெருகுகிறது. விலகி நிற்பவருக்கு ஒன்று முந்துகிறது, மற்றது பிந்துகிறது. ஈ தந்தியின் 41 ஹெர்ட்ஸ் அலை ஏறத்தாழ எட்டரை மீட்டர் நீளமானது. இரு அடுக்குகளிலிருந்தும் வரும் தூரத்தில் நாலேகால் மீட்டர் வேறுபாடு வரும் இடத்தில் அந்தச் சுரம் ஏறக்குறைய மறைந்துவிடும். ஏ தந்திக்கு அந்த இடம் வேறு. பாதி சுரங்கள் கேட்கவில்லை என்று உங்கள் நண்பர்கள் சொன்னது அதனால்தான்.

சப்களை மேடைக்கு முன் ஒரே வரிசையாக வைப்பது இதைக் குறைக்கும். அது ஒலி அமைப்பாளரின் முடிவு. நீங்கள் கேட்டுப் பெறக்கூடியது, பேஸ் சேனலில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, 700 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றே தூக்குவது. விரல் தந்தியைத் தொடும் ஒலி அங்கேதான் இருக்கிறது. அடிச்சுரம் மறையும் இடத்தில் நிற்பவரும் அதை வைத்து நீங்கள் வாசிப்பதைப் பின்தொடர முடியும். மேடை ஆம்பை உங்கள் காதுக்குப் போதுமான அளவில் மட்டும் வையுங்கள்.

நான்குதந்தி (மறுமொழி)

விழாக்காரர்களிடம் விளக்குக்கும் ஒலிக்கும் தனித்தனி ஜெனரேட்டரா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். எங்கள் பாட்டுகளில் சிலவற்றைப் பேஸ் வாசித்தபடியே நானே பாடுகிறேன். எர்த் உண்மையிலேயே சரியாக இருக்கிறதா என்பதை மேடையில் எப்படி உறுதிசெய்வது?

ஒலிமேசை (பதில்)

எல்லாம் இயங்கிக்கொண்டிருக்கும்போது மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தந்தியிலும் மற்றதை மைக்கின் உலோக வலையிலும் தொட்டுப் பாருங்கள். முனைகளின் காப்புறையை மட்டும் பிடியுங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், மின்பணியாளர் வந்து சரிசெய்யும் வரை மைக்குக்கு அருகே வாயைக் கொண்டுபோகாதீர்கள். விளக்குகளை முழுவதும் ஏற்றியபின் இன்னொரு முறை பாருங்கள்.